பனியில் நமத்த பிஸ்கட், இளகிப்போன சீஸ்கேக்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஓவன் இல்லாமல் செய்யும் காரமல் பிஸ்கட் (கடையில் லோட்டஸ் பிஸ்காஃப் என்று வருவது) சீஸ்கேக் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். சுருக்கமாக எழுதியது தப்பு என்று வந்த கடிதங்களைப் பார்த்ததும் புரிந்தது, அதிலும் மலையில் இருப்பவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நீர் விட்டது, இளகியது, நமத்தது, கட்டிகட்டியாக நின்றது என்று ஆளுக்கு ஒன்று சொன்னாலும், எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி ஒன்றுதான்: தண்ணீர். ஓவனில் வேகும் கேக்கில் வேண்டாத தண்ணீரைச் சூடு விரட்டிவிடும், முட்டையும் சேர்ந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதில் சூடும் இல்லை, முட்டையும் இல்லை. கொழுப்பும் குளிரும் மட்டும்தான் தாங்கி நிற்கின்றன. குளிர் நம் ஊரில் இலவசம், ஆனால் கூடவே ஈரமும் வருகிறதே. சரி, ஒவ்வொரு கடிதமாகப் பார்ப்போம்.

அக்கா, மகளின் பிறந்தநாளுக்குச் செய்தேன். ஆறு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தும் வெட்டியதும் பாயசம் மாதிரி வழிந்துவிட்டது, அடியில் போட்ட பிஸ்கட் தனியாக உதிர்ந்துவிட்டது. குழந்தைகள் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டார்கள். எங்கே தப்பு செய்தேன்? நான் எடுத்த அளவுகளை இத்துடன் எழுதியிருக்கிறேன்.
வாசகி, கோத்தகிரி

அளவுகளை எழுதி அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று தங்கச்சி. 'ஃபிரெஷ் கிரீம் 250 மில்லி' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சறுக்கியது. கடையில் சின்ன அட்டைப் பெட்டியில் வரும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீதம்தான் இருக்கும், குழம்பில் ஊற்றுவதற்கு அது அருமை, அடித்தால் நிற்காது. கிரீமை அடிக்கும்போது உள்ளே போகும் காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவர் கட்டுகின்றன. கொழுப்பு 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சுவர் கட்டச் சாமான் போதாது, எவ்வளவு நேரம் அடித்தாலும் நுரைத்துவிட்டு அடங்கிவிடும். பெட்டியில் 'விப்பிங் கிரீம்' என்று போட்டிருக்கிறதா, கொழுப்பு 30-லிருந்து 35 சதவீதம் வரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேக்கரிச் சாமான் கடைகளில் தாவரக் கொழுப்பில் செய்த கிரீமும் உறைந்த நிலையில் கிடைக்கும், அது நன்றாகவே நிற்கும், ஆனால் ஏற்கெனவே இனிப்பு சேர்ந்தது, பால் மணமும் இருக்காது. எனக்கு அது பிடிப்பதில்லை. அதைத்தான் வாங்குவீர்கள் என்றால் சர்க்கரையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இனி முழு அளவையும் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் ஆகும். ஏழு அங்குல டின், அடித்தட்டு தனியாகக் கழன்று வரும் வகை. காரமல் பிஸ்கட் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம். மேரி மாதிரி வறண்ட பிஸ்கட்டுக்கு 100 கிராம் வெண்ணெய் பிடிக்கும், இந்தப் பிஸ்கட்டில் ஏற்கெனவே கொழுப்பு இருப்பதால் அவ்வளவு வேண்டாம். பிஸ்கட்டை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குப் பொடியுங்கள், மாவாக்கிவிடாதீர்கள். உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பிசிறி ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். புட்டு மாவுக்குப் பார்ப்போமே அதே பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், பெருவிரலால் தள்ளினால் உதிர வேண்டும். பிடிபடவில்லை என்றால் இன்னொரு ஸ்பூன் வெண்ணெய். டின்னில் கொட்டி, அடி தட்டையான டம்ளரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போங்கள். ஓரத்தில்தான் எல்லோரும் கை தளர்த்திவிடுகிறார்கள், வெட்டும்போது முதலில் உதிர்வதும் ஓரம்தான். அப்புறம் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மேலே போவதற்கு: கிரீம் சீஸ் 400 கிராம், பொடித்த சர்க்கரை 60 கிராம், காரமல் பிஸ்கட் ஸ்ப்ரெட் (அதே பிஸ்கட்டை அரைத்த விழுது) 150 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், விப்பிங் கிரீம் 250 மில்லி. கிரீம் சீஸையும் சர்க்கரையையும் கட்டியில்லாமல் குழைத்து, ஸ்ப்ரெட்டும் சாறும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீமைத் தனிப் பாத்திரத்தில், பாத்திரமும் கிரீமும் ஜில்லென்று இருக்கும்போது அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி நின்று லேசாகத் தலைசாய வேண்டும், அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று அடித்தால் வெண்ணெய் திரண்டு மோர் பிரிந்துவிடும், திரும்பி வர வழி கிடையாது. இரண்டையும் மூன்று தவணையாக, கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்துச் சேர்க்க வேண்டும், கலக்கக் கூடாது. டின்னில் நிரப்பி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். ஆறு மணி நேரம் என்று நான் எழுதியது குறைந்தபட்சம், எட்டிலிருந்து பத்து மணி நேரம் இருந்தால் வெட்டு சுத்தமாக வரும். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும்.

எவ்வளவு அடித்தாலும் கிரீம் சீஸ் குட்டிக்குட்டிக் கட்டியாக நிற்கிறது. 'அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு அடிக்கவும்' என்று எல்லாரும் சொல்கிறபடி, இரண்டு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத்தான் அடித்தேன்.
வாசகர், ஊட்டி

தம்பி, எந்த அறை என்பதுதான் கேள்வி. சென்னையில் எழுதுகிறவர்களின் அறை 30 டிகிரி. உங்கள் ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதத்தில் புல்வெளியில் உறைபனி விழும்போது சமையலறையே ஏறக்குறைய ஃபிரிட்ஜ்தான். அங்கே இரண்டு மணி நேரம் வைத்தால் என்ன, இருபது மணி நேரம் வைத்தால் என்ன? கிரீம் சீஸ் குழைய 20 டிகிரி பக்கம் வேண்டும். பாக்கெட்டைப் பிரிக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். தண்ணீர் கையைச் சுடக் கூடாது. எடுத்து அழுத்தினால் விரல் எளிதாக உள்ளே போக வேண்டும். இன்னொன்று, சர்க்கரை தவிர வேறு எதையும் சேர்ப்பதற்கு முன்பே கட்டியை உடைத்துவிட வேண்டும், கிரீம் சேர்ந்த பிறகு கட்டியைத் துரத்தினால் கட்டி போகாது, கிரீம்தான் கெடும்.

இதே குளிர் இன்னொரு வேலையும் செய்யும். உருக்கிய வெண்ணெய் ஜில்லென்ற பிஸ்கட் பொடியில் பட்டதும் உறைந்து திப்பித்திப்பியாக நின்றுவிடும், பார்ப்பதற்கு வெண்ணெய் பற்றாத மாதிரி இருக்கும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், கடைசியில் அடித்தளம் கல்லாகிவிடும். பொடியை வாணலியில் ஒரு நிமிடம் வெறுமனே சூடு காட்டிவிட்டுப் பிசிறினால் இந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்தில் நமத்துப்போன பிஸ்கட்டுக்கும் இதுதான் மருந்து. தீயைக் குறைத்து, கை எடுக்காமல் கிளறி, ஆறவிட்டு அப்புறம் பொடியுங்கள். கிரீம் அடிப்பதற்கோ உங்கள் சமையலறையை மிஞ்ச ஆளில்லை, கீழ்நாட்டில் இருப்பவர்கள் பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் வைத்துக்கொண்டு படும் பாடு உங்களுக்கு இல்லை.

இந்த பிஸ்கட் இங்கே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கிறது. எங்கள் தோட்டத்தில் கிராம்பும் ஏலமும் இருக்கிறது. அப்பாயி கண்டியிலிருந்து வந்தவர், பட்டையை இன்றைக்கும் கறுவா என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் இருப்பதை வைத்து அந்த ருசியைக் கொண்டுவர முடியுமா? ஓவன் கிடையாது.
வாசகி, கூடலூர்

வந்த கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஏன் என்று சொல்கிறேன். இந்த பிஸ்கட்டின் பூர்வீகம் பெல்ஜியமும் நெதர்லாந்தும். அங்கே டிசம்பர் 5, 6 தேதிகளில் வரும் புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு ஸ்பெகுலாஸ் என்று மசாலா போட்ட பிஸ்கட் சுடுவார்கள். இன்று கடையில் நாம் பார்க்கும் லோட்டஸ் பிஸ்காஃப் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், பெல்ஜியத்தில் லெம்பேக்கே என்கிற ஊரில் 1932-ல் தொடங்கிய பேக்கரியுடையது. பிஸ்கட், காஃபி இரண்டையும் சேர்த்துத்தான் பிஸ்காஃப் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர்களில் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் விளையாது, கப்பலில் போனவைதான். 1656-ல் கொழும்பைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள், அதாவது நெதர்லாந்துக்காரர்கள், 1796 வரை இலங்கைக் கரையோரத்தைக் கையில் வைத்திருந்தார்கள், பட்டை வியாபாரமும் அவர்களிடம்தான் இருந்தது. உங்கள் அப்பாயி கறுவா என்று சொல்கிற அதே பட்டைதான் அங்கே போயிற்று. அதனால் 'அந்த ருசி வருமா' என்று நீங்கள் தயங்கவே வேண்டாம்.

பட்டையில் மட்டும் கவனம். பிரியாணிக்குப் போடும் தடிமனான, மரப்பட்டை மாதிரி இருக்கும் பட்டை வேறு, அது காரமாக முன்னால் வந்து நிற்கும். உங்கள் அப்பாயியின் கறுவா மெல்லிய தோலாக, சுருட்டுப் போலப் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கினால் நொறுங்கும், மணம் இனிப்பாக இருக்கும். கடையில் சுருள்பட்டை என்று கேளுங்கள். பொடித்த சுருள்பட்டை இரண்டு டீஸ்பூன், சுக்குப்பொடி அரை டீஸ்பூன், ஜாதிக்காயும் ஏலமும் கால் கால் டீஸ்பூன், கிராம்பு நாலே நாலு. கிராம்பு உங்கள் தோட்டத்தில் விளைகிறது என்பதற்காகக் கூடப் போட்டுவிடாதீர்கள், ஒன்று கூடினாலும் பல்வலி மருந்து வாடை வந்துவிடும். வெள்ளை மிளகு இருந்தால் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, சலித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காரமல். அடி கனமான வாணலியில் 60 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் விடாமல் மிதமான தீயில் வையுங்கள். ஓரத்தில் உருக ஆரம்பிக்கும், கரண்டி போடாமல் வாணலியைச் சுற்றிச் சுற்றி ஆட்டுங்கள். தேன் நிறம் வரும், அடுத்து கட்டன் காபியில் கொஞ்சம் தண்ணீர் கலந்த நிறம் வரும், அப்போது மெல்லிய புகை கிளம்பும், அந்த நொடியில் தீயை அணைத்துவிட்டு 25 கிராம் வெண்ணெய், ஒரு டீஸ்பூன் மசாலா, ஒரு சிட்டிகை உப்பு. பொங்கும், பயப்படாதீர்கள், முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உடைத்த மேரி பிஸ்கட் 200 கிராமைக் கொட்டிப் புரட்டி, நெய் தடவிய தாம்பாளத்தில் பரப்பிவிடுங்கள். பத்து நிமிடத்தில் கடலைமிட்டாய் மாதிரி இறுகிவிடும். பொடித்து, 60 கிராம் வெண்ணெய் சேர்த்து மேலே சொன்னபடி அடித்தளம் போடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: காரமல் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கூடலூர் மழையில் ராத்திரி செய்து திறந்து வைத்தால் காலையில் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். ஆறியதும் உடனே பயன்படுத்திவிடுங்கள், மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

ஸ்ப்ரெட்டும் வாங்க வேண்டாம். பொடித்த இதே பிஸ்கட் 100 கிராம், வெதுவெதுப்பான பால் மூன்று ஸ்பூன், வெண்ணெய் 30 கிராம் மிக்ஸியில் வழவழப்பாக அரைத்தால் அதன் இடத்தில் போடலாம். பால் சேர்ந்திருப்பதால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளில் முடித்துவிடுங்கள்.

கிரீம் சீஸ் வாங்கக் கட்டுப்படியாகவில்லை, தயிரை வடிகட்டிச் செய்தேன். நாங்கள் சைவம், இறுகுவதற்கு ஜெலட்டின் சேர்ப்பதில்லை. சைனா கிராஸ் காய்ச்சி ஊற்றினேன், நூல் நூலாகத் திரிந்துவிட்டது.
வாசகி, கொடைக்கானல்

ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பன்றித் தோலிலிருந்தும் எடுப்பது, நீங்கள் விலக்கியது சரி. வெளியில் வாங்கும் சீஸ்கேக்கிலும் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சைனா கிராஸ், அதாவது அகர், கடல்பாசியிலிருந்து வருவது. நம் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வருகிறார்களே, அந்தப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள்.

அது ஏன் திரிந்தது? அகர் கரைய 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் 35-லிருந்து 40 டிகிரிக்குள் வந்தாலே உறைந்துவிடும். உங்கள் ஊரில் தயிர்க் கலவை பத்துப் பதினைந்து டிகிரியில் இருந்திருக்கும். கொதிக்கிற அகர் அதில் விழுந்ததும், கலப்பதற்கு முன்பே நூலாக உறைந்துவிட்டது. கலவையை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விரல் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும்வரை கிளறிக்கொள்ளுங்கள். அகரில் முதலில் இரண்டு கரண்டி கலவையைப் போட்டுக் கலக்கி, அதை மொத்தத்தில் ஊற்றி உடனே அடியுங்கள். 500 கிராம் கலவைக்கு 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அகர் பொடி போதும், கூடினால் ஜெல்லி மாதிரி வெடவெடவென்று இருக்கும். இன்னொரு விஷயம், கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி பக்கமே கொதித்துவிடும். அது போதும், ஆனால் கொதி வந்ததும் இறக்காமல் நாலைந்து நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள், ஸ்பூனில் எடுத்துப் பார்த்தால் மணி மணியாக எதுவும் தெரியக் கூடாது.

தயிரைப் பற்றி. கொழுப்பு 6 சதவீதம் இருக்கும் பாலில் உறை ஊற்றுங்கள். குளிரில் உறைய மறுத்தால் வெதுவெதுப்பான பாலில் உறை குத்தி ஹாட்பாக்ஸில் மூடி வைத்தால் காலையில் கட்டியாக நிற்கும். ஒரு லிட்டர் தயிர் மல் துணியில் கட்டித் தொங்கவிட்டால் 350-லிருந்து 400 கிராம் வரைதான் மிஞ்சும், அதற்கு மேல் மிஞ்சினால் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மூட்டையை வடிதட்டில் வைத்து மேலே அம்மிக் குழவி மாதிரி ஒரு கனத்தை ஏற்றுங்கள். கீழ்நாட்டில் இதையெல்லாம் ஃபிரிட்ஜுக்குள் செய்ய வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். தை மாத ராத்திரியில் உங்கள் சமையலறையிலேயே தொங்கவிடலாம். வடிந்த தயிரோடு, எருமைப்பால் கிடைத்தால் அதில் எடுத்த பனீரைப் பாதிக்குப் பாதி சேர்த்து மிக்ஸியில் வெண்ணெய் போல அரைத்துப் பாருங்கள், தயிர் மட்டும் போட்டதைவிட நன்றாக இருக்கும். தயிரே புளிப்பு என்பதால் எலுமிச்சை வேண்டாம்.

ஊட்டி வர்க்கியை அடித்தளத்துக்குப் போடலாமா?
வாசகர், அருவங்காடு

போடலாம், ஆனால் பாதிதான். வர்க்கி அடுக்கு அடுக்காக, காற்றாக இருப்பதால் தனியாகப் போட்டால் பிடிபடாது, மேலே இருக்கும் கிரீமின் ஈரத்தையும் சீக்கிரம் குடித்துவிடும். 100 கிராம் காரமல் பிஸ்கட், 100 கிராம் வர்க்கி, கூட ஒரு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை. அன்றைக்குச் சுட்ட வர்க்கியாக இருக்கட்டும். விறகடுப்பின் மணம் கிரீமுக்கு நடுவில் லேசாகத் தெரியும், அதற்காகவே ஒருமுறை செய்து பார்க்கலாம்.

மேலே பழம் வைக்கலாமா, எத்தனை நாள் தாங்கும்?
வாசகி, தாண்டிக்குடி

நாலு நாள், ஃபிரிட்ஜில், மூடி. மூடியின் அடியில் நீர் கோத்து மேலே சொட்டும், அதனால் மூடிக்கும் கேக்குக்கும் நடுவில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், இட்லிப் பானைக்குச் செய்வது போல. பழத்தில், இந்த மசாலாவுக்குப் புளிப்புதான் சேரும். பிளம்ஸ் பருவத்தில் கொஞ்சம் சர்க்கரையோடு வேகவைத்து, கெட்டியானதும் ஆறவைத்து ஊற்றலாம், மரத்தக்காளியும் அப்படியே. பச்சைப் பழத்தை வெட்டி வைத்தால் ஒரு மணி நேரத்தில் நீர் விடும், பரிமாறும்போது வையுங்கள்.

தங்கைக்கு மேட்டுப்பாளையத்தில் வளைகாப்பு. இங்கிருந்து செய்து எடுத்துக்கொண்டு போக ஆசை. பஸ்ஸில் போவதற்குள் உருகிவிடுமா?
வாசகி, குன்னூர்

செய்து கொண்டுபோங்கள். போன வருடம் என் நாத்தனார் வீட்டுக்கு நானே எடுத்துப்போனேன், முதல் தடவை ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்துப் போய், பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் மடியில் வைத்துப் பிடித்தும், பர்லியார் தாண்டும்போதே ஒரு பக்கம் சரிந்துவிட்டது. வெயிலைவிட வளைவுதான் அதைச் சாய்த்தது. இரண்டாவது தடவை முதல்நாளே ஃபிரீசரில் வைத்துக் கல்லாக்கிக் கொண்டுபோனேன், ஆடவே இல்லை. கிரீம் சீஸில் செய்தது உறைந்து இளகினாலும் கெடாது. தயிரில் செய்ததை மட்டும் ஃபிரீசரில் வைக்காதீர்கள், இளகும்போது நீர் பிரிந்துவிடும்.

தெர்மகோல் பெட்டி தேட வேண்டாம், நம் மாவட்டத்தில் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கெல்லாம் தடை இருக்கிறதே. பெரிய எவர்சில்வர் சம்படத்தில், டின்னோடு வைத்து, சுற்றிலும் பழைய கம்பளியைத் திணித்துவிடுங்கள், குளிர் உள்ளேயே நிற்கும். போனதும் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று மணி நேரம் கழித்து டின்னைக் கழற்றி வெட்டுங்கள். தங்கைக்காக ஒன்று சொல்கிறேன், கிரீம் சீஸிலும் கிரீமிலும் பாஸ்சரைஸ் செய்த பால் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பச்சைப் பாலில் செய்தது இந்தச் சமயத்தில் கூடாது. முட்டை இதில் கிடையாது என்பதால் பச்சை முட்டை என்கிற பயமும் இல்லை.

மேலே கொஞ்சம் ஸ்ப்ரெட் ஊற்றுவதாக இருந்தால் இங்கேயே ஊற்றிவிடாமல் தனிக் கிண்ணத்தில் எடுத்துப்போங்கள். குன்னூரில் ஸ்பூன் இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருப்பது, மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது சூடாக்காமலே ஊற்றும் பதத்தில் இருக்கும்.